குடியை நிறுத்த நாள் குறிப்பது: மாலை போடுகிற நாளும் மருத்துவர் சொல்கிற நாளும்

கார்த்திகை நெருங்கினால் நெல்லைச் சீமையில் பல வீடுகளில் இந்தப் பேச்சு கேட்கும்: "ஒண்ணாந்தேதி மாலை போடுதேன். அதோட குடிய விட்டுருதேன்." அதே வீட்டில் யாராவது பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவராக இருந்தால் மறுபேச்சும் கேட்கும்: "சட்டுன்னு நிறுத்தக் கூடாதுன்னுலா டாக்டர் சொல்லிருக்காவ."

இரண்டையும் கேட்கிற மனைவிக்கும் அம்மாவுக்கும் குழப்பம்தான் மிஞ்சுகிறது. நாள் குறித்து ஒரேயடியாக விடுவது நல்லதா, ஆபத்தா? இந்த இரண்டு அறிவுரைகளும் சரிதான். ஆனால் இரண்டும் ஒரே ஆளுக்குச் சொன்னவை அல்ல. யாருக்கு எது பொருந்தும் என்று தெரியாமல் நாள் குறிப்பதால் சில வீடுகளில் மூன்றாம் நாளே 108-ஐக் கூப்பிட வேண்டி வருகிறது. சில வீடுகளில் அதைக்கூடக் கூப்பிடாமல் மந்திரிக்கிறவரைத் தேடிப் போகிறார்கள்.

அளவும் சார்பும்

மருத்துவத்தில் குடியை பாட்டில் கணக்கில் அளப்பதில்லை, அதிலுள்ள சாராயச் சத்தைக் கிராம் கணக்கில் அளக்கிறார்கள். 10 கிராம் சுத்த ஆல்கஹால் என்பது ஓர் அலகு. கடையில் வாங்கும் 180 மில்லி குவார்ட்டர் பிராந்தியிலோ ரம்மிலோ ஏறக்குறைய 42.8 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம், அதாவது ஆறு அலகு. "ஒரு கட்டிங்தான் வே" என்று சொல்லி ஊற்றுகிற 90 மில்லியே மூன்று அலகு. 8 சதவீதம் போட்ட 650 மில்லி பீரில் நான்கு அலகு இருக்கிறது. பீர் குடிப்பது குடியே அல்ல என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

அளவைவிட முக்கியமானது சார்பு, அதாவது மது இல்லாவிட்டால் உடம்பு தடுமாறுகிற நிலை. இரண்டு பேரும் வாரத்துக்கு ஏழு குவார்ட்டர் குடிக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் சனி, ஞாயிறில் மட்டும் அத்தனையும் குடித்துவிட்டு மற்ற நாட்களில் நடுக்கம் இல்லாமல் வயலுக்குப் போகிறார். இன்னொருவர் தினமும் குடிக்கிறார். காலையில் எழுந்தால் டீ தம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் ஊற்றினால்தான் கை நிற்கிறது. முதல் ஆளுக்கும் ஈரல் கெடும், குடும்பம் கெடும். ஆனால் நாள் குறித்து நிறுத்துவதில் உயிராபத்து இருப்பது இரண்டாம் ஆளுக்குத்தான்.

மூளையில் நடப்பது என்ன

மூளையில் வேகத்தை அடக்குகிற வேதிப்பொருள் ஒன்று உண்டு, காபா என்று பெயர். வேகத்தைக் கூட்டுவது குளூட்டமேட். மது காபாவின் வேலைக்குக் கைகொடுத்து, குளூட்டமேட்டை அமுக்குகிறது. அதனால்தான் குடித்தவுடன் பதற்றம் தணிகிறது, தூக்கம் வருகிறது. தினமும் இப்படி அமுக்கினால் மூளை சும்மா இருப்பதில்லை. அமுக்கத்தை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. திடீரென்று ஒருநாள் மது வராவிட்டால், கிணற்றுத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்த காலிக்குடம் கையை எடுத்ததும் எகிறுவதுபோல அந்த வேகம் முழுவதும் ஒரே நேரத்தில் வெளியே வருகிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு, வலிப்பு எல்லாமே இதன் வெவ்வேறு அளவுகள்தான்.

இதில் மன உறுதிக்கு இடமே இல்லை. எவ்வளவு வைராக்கியம் உள்ளவராக இருந்தாலும் வலிப்பை மனத்தால் நிறுத்த முடியாது. "அவனுக்கு மனசு இல்ல, அதான் நடிக்கான்" என்று வீட்டில் சொல்வது பெரும்பாலும் இந்த நடுக்கத்தைப் பார்த்துத்தான். தயவுசெய்து சொல்லாதீர்கள்.

கடைசிக் குடிக்குப் பிறகு நான்கு நாட்கள்

1. ஆறு மணி நேரத்திலிருந்து: கை நடுக்கம், வியர்வை, குமட்டல், எரிச்சல், தூக்கமின்மை. மிதமான சார்பு உள்ளவர்களுக்கு இத்தோடு முடிந்து, நான்கைந்து நாளில் தணிந்துவிடும்.

2. முதல் இரண்டு நாட்களுக்குள்: சிலருக்கு வலிப்பு வரும். முன்பு வலிப்பே வராதவருக்கும் வரலாம். முதல் நாள் முடியும் முன்பே சிலருக்கு இல்லாத குரல் கேட்கும், இல்லாத பூச்சி ஊர்வது தெரியும்.

3. இரண்டாம் நாள் முடிவிலிருந்து நான்காம் நாள் வரை: குடிவிலகல் சன்னி. இருக்கிற இடம், நேரம் தெரியாது. ஆளை மாற்றிப் பேசுவார். காய்ச்சல் அடிக்கும், நாடித்துடிப்பு எகிறும், பயந்து ஓடுவார், ஆவேசம் காட்டுவார். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகலாம். உரிய நேரத்தில் மருத்துவமனையில் சேர்த்தால் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள்.

மூன்றாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மாலை போட்ட மூன்றாம் நாள் இரவில் ஒருவர் கண்ணை உருட்டி, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வாசலுக்கு ஓடினால் நம் ஊரில் முதலில் வருகிற விளக்கம் மருத்துவ விளக்கமாக இருப்பதில்லை. சாமி வந்துவிட்டது என்பார்கள். விரதத்தில் குறை, சாமி குத்தம் என்பார்கள். சுடலை அடித்துவிட்டான் என்பார்கள். திருநீறு போட்டு, கட்டிப்போட்டு, விடியட்டும் என்று காத்திருப்பார்கள். நம்பிக்கையைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. திருநீறு போடுங்கள், போட்ட கையோடு 108-ஐக் கூப்பிடுங்கள். தினமும் குடித்தவர் நிறுத்திய நான்கு நாளுக்குள் மதி மயங்கினால் அது அவசர சிகிச்சைக்குரிய நோய். விடியும்வரை காத்திருக்க அதில் நேரமில்லை.

இன்னொன்றும் உண்டு. விரதம் என்றால் விடியற்காலைக் குளியல். தாமிரபரணியிலோ கால்வாயிலோ குளத்திலோ தனியாக இறங்குவார்கள். வலிப்பு வரக்கூடிய அந்த முதல் நாட்களில் தனியாக நீரில் இறங்குவது மிக ஆபத்து. முழங்கால் அளவு தண்ணீரே ஆளை முடித்துவிடும். அந்த நாட்களில் வீட்டிலேயே, கதவைத் தாழ் போடாமல், வாளித் தண்ணீரில் குளிக்கட்டும். பனை ஏறுகிறவர் ஏற வேண்டாம். பைக், டிராக்டர், கதிரறுக்கும் வண்டி எதையும் தொட வேண்டாம்.

ஊர் முழுவதும் ஒரே நாளில் நிறுத்தியபோது

2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. சென்னை நீங்கலாகப் பெரும்பாலான இடங்களில் மே 7 அன்றுதான் மீண்டும் திறந்தன. யாரும் குறிக்காத ஒரு நாள் எல்லாக் குடிநோயாளிகள் மேலும் ஒரே நேரத்தில் விழுந்தது. பல பேர் நிஜமாகவே குடியை விட்டார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் குடிவிலகல் சன்னியோடு வருகிறவர்கள் அந்த நாட்களில் கூடியதை பெங்களூரு மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். தமிழ்நாட்டில் வார்னிஷ், சானிட்டைசர் போன்றவற்றைக் குடித்துச் செத்தவர்களும் உண்டு.

கடை மூடினால் குடி நின்றுவிடும் என்கிற வாதத்துக்கும், கடையை மூடவே கூடாது என்கிற வாதத்துக்கும் இதை ஆதாரமாக இழுக்கிறார்கள். நமக்கு இங்கே வேண்டியது அந்த வழக்கு அல்ல. ஆயத்தம் இல்லாத நாள் என்ன செய்யும் என்பதற்கு அது ஒரு சாட்சி. நாள் குறிப்பதன் பயன் அந்த நாளில் இல்லை. இன்றைக்கும் அந்த நாளுக்கும் இடையில் செய்கிற வேலையில்தான் இருக்கிறது.

தானாக நாள் குறிக்கலாமா, மருத்துவரோடு குறிக்க வேண்டுமா

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பார்த்த பிறகுதான் நாள் குறிக்க வேண்டும்.

1. காலையில் குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறது.
2. முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தது, அல்லது மதி மயங்கியது.
3. மாதக்கணக்கில் தினமும் குவார்ட்டருக்குக் குறையாமல் போகிறது.
4. மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர், ரத்த வாந்தி, இதய நோய், சர்க்கரை நோய் இருக்கிறது.
5. உயிரை விட வேண்டும் என்ற பேச்சு வருகிறது.
6. வயது அறுபதைத் தாண்டிவிட்டது, அல்லது வீட்டில் துணைக்கு ஆளே இல்லை.

சார்பு இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்றும் உண்டு. காந்தி ஜெயந்தி, சுதந்திர தினம், குடியரசு தினம், மே தினம், திருவள்ளுவர் தினம் போன்ற நாட்களில் கடை கிடையாது. முந்தின நாளே வாங்கி வைக்காமல் அந்த நாளை ஓட்ட முடிகிறதா, வாங்கி வைக்காவிட்டால் மதியத்துக்குள் கை நடுங்குகிறதா என்று பார்த்தால் சார்பு தெரிந்துவிடும். கூடுதல் விலை கொடுத்துப் பெட்டிக்கடைக்குப் பின்னால் வாங்கியே தீர வேண்டியிருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

"போன வருசமும் மாலை போட்டேன், ஒண்ணும் ஆகலியே" என்பதை நம்பி இருக்க முடியாது. நிறுத்துவதும் தொடங்குவதுமாகத் திரும்பத் திரும்ப நடந்தால் மூளை ஒவ்வொரு முறையும் முன்பைவிட எளிதாகத் தூண்டப்படுகிறது. முதல் வருடம் வெறும் நடுக்கம், ஐந்தாம் வருடம் வலிப்பு. ஒவ்வோர் ஆண்டும் மாலை போட்டு, ஒவ்வோர் ஆண்டும் கழற்றியவுடன் குடிக்கிறவர்களுக்கு இது நேராகப் பொருந்தும்.

மருத்துவர் என்ன செய்வார்? குளோர்டயசெபாக்சைடு, டயசெபாம், ஈரல் கெட்டிருந்தால் லோராசெபாம் போன்ற மாத்திரைகளில் ஒன்றை முதல் நாள் கூடுதலாகக் கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். மது செய்த அடக்கும் வேலையை மாத்திரை கொஞ்ச நாள் செய்து, மூளை தணிய நேரம் கொடுக்கும். இவை சீட்டில்லாமல் வாங்கக் கூடாதவை. மதுவோடு சேர்த்துச் சாப்பிட்டால் மூச்சே அடங்கிவிடலாம். கூடவே தயமின் என்கிற வைட்டமின் பி1. குடிப்பவர் உடம்பில் இது வற்றிக் கிடக்கும். சோர்ந்து விழுந்தவரைப் பக்கத்து கிளினிக்குக்குத் தூக்கிப் போய் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் கண் அசைவு, நடை, ஞாபகம் மூன்றையும் கெடுக்கிற மூளைப் பாதிப்பு வரலாம். அதனால் ஊசி போடுகிறவரிடம் முதலில் சொல்ல வேண்டியது "இவர் தினமும் குடிக்கிறவர்" என்பதுதான். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

மருத்துவரிடம் போக இரண்டு மூன்று நாள் ஆகும், ஆனால் காலை நடுக்கம் இருக்கிறது என்றால் அதுவரை ஒரேயடியாக நிறுத்தாமல், அளவைக் கூட்டாமல், கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே போவதுதான் பாதுகாப்பு. வீட்டாருக்கு இது கசப்பான அறிவுரை. ஆனாலும் இதுதான் சரி.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை இலவசம். மாவட்ட மனநலத் திட்டமும் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் இருக்கிறது. எங்கே, எந்தக் கிழமை என்று தெரியாவிட்டால் 104-க்கு அழைத்துக் கேட்கலாம். மனநல ஆலோசனைக்கு 14416, போதை விடுவிப்புக்கு 14446.

மாலை ஏன் 41 நாள் தாங்குகிறது

சபரிமலைக்குக் கார்த்திகையில், குலசை தசராவுக்குப் புரட்டாசியில், பச்சை உடுத்துத் திருச்செந்தூருக்கு நடக்கிறவர்கள் தைப்பூசத்துக்கு முன்னால், கிறிஸ்தவர்கள் தவக்காலத்தில், மேலப்பாளையத்தில் ரம்ஜான் மாதத்தில் என்று நிறுத்துவதற்கான நாட்கள் இந்தச் சீமையில் ஏற்கெனவே குறித்துத்தான் கிடக்கின்றன. மருத்துவமனைப் பக்கமே போகாத பல பேர் அந்த நாட்களில் ஒரு சொட்டும் தொடுவதில்லை. இதை வெறும் பக்தி என்று தள்ளிவிடுவது தவறு. குடியை விடுவதற்கு மனநல மருத்துவம் சொல்கிற பல விஷயங்கள் அந்தத் துளசி மாலைக்குள் இருக்கின்றன.

மாலை போட்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, சாமி என்கிறார்கள். நேற்றுவரை தோளில் கை போட்டு இழுத்தவனும் இன்று விலகி நிற்கிறான். யாரும் ஊற்றித் தர மாட்டார்கள், தருவதே பாவம். வேட்டியின் நிறமே ஊருக்கு அறிவித்துவிடுகிறது, வாயால் மறுத்துச் சொல்ல வேண்டிய சங்கடம் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு, வழக்கமாகக் கால் கடைக்கு இழுக்கிற அதே நேரத்தில், குளியலும் பூஜையும் பஜனையும் இருக்கிறது. கூட இருப்பவர்களும் குடிக்காதவர்கள்.

மாலை செய்யாதவை மூன்று. முதலாவது, முதல் நான்கு நாள் உடம்பைப் பார்த்துக்கொள்ளாது. இரண்டாவது, குடிக்கு இழுத்த காரணத்தைத் தொடாது. கடன், தூக்கமின்மை, மனச்சோர்வு, இடுப்பு வலி எதுவானாலும் 41 நாளும் அப்படியே காத்திருக்கும். மூன்றாவதுதான் பெரியது: அதற்கு முடிவு நாளும் உண்டு. மலைக்குப் போய்த் திரும்பும் வழியில், மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே வேனை நிறுத்தச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்த நாள் குறித்தபோதே தொடங்கவும் நாள் குறித்தாகிவிட்டது. 41 நாளில் உடம்பின் தாங்குதிறனும் குறைந்திருக்கும். பழைய அளவையே அன்று குடித்தால் அது முன்பைவிடக் கடுமையாகத் தாக்கும்.

ஆகவே மாலை போடுகிறவருக்குச் சொல்ல வேண்டியது போடாதே என்பது அல்ல. போடுகிற நாளுக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, விலகலை மாத்திரையோடு கடந்துவிட்டு, பிறகு மாலை போடட்டும். கழற்றுகிற நாளுக்கு மறுநாள் மருத்துவரிடம் அடுத்த சந்திப்பை முன்கூட்டியே வாங்கி வைக்கட்டும். சாமி என்று கூப்பிடுவது நிற்கிற அந்த நாளில்தான் வேறு துணை தேவைப்படுகிறது.

நாளை எங்கே வைப்பது

இரண்டு வாரத்துக்குள் இருக்க வேண்டும். தீபாவளிக்குப் பிறகு, பொங்கலுக்குப் பிறகு, மக கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிவைப்பது நாள் குறிப்பதே அல்ல. அதே நேரம் நாளைக்கே என்பதும் ஆயத்தத்துக்கு இடம் தராது.

நாட்காட்டியைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. குறித்த நாளிலிருந்து நான்கு நாள் வேலை, பயணம் இல்லாமல் இருக்க வேண்டும். பிசான நெல் அறுப்பு நடக்கும்போதோ, குற்றாலம் சீசனில் ஆட்டோ ஓட்டம் கூடும்போதோ வைக்காதீர்கள்.

2. முதல் மாதத்துக்குள் கோயில் கொடை, அதாவது ஊர்ச் சாமிக்கு எடுக்கிற திருவிழா, வருகிறதா பாருங்கள். சுடலைமாடனுக்குப் படைத்த சாராயத்தைச் சாமியின் பேரில் நீட்டும்போது வேண்டாம் என்று சொல்வது எவருக்கும் கடினம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் சொந்தபந்தம் கூடுவதும் அப்படித்தான்.

3. கூலி கைக்கு வருகிற நாள். சனிக்கிழமைச் சம்பளம் என்றால் ஞாயிறு காலையில் தொடங்குவது சிரமம், திங்களில் தொடங்கி அடுத்த சனிக்குள் பணத்தை யார் வாங்குவது என்று முடிவு செய்துவிடலாம். மனைவி பீடி சுற்றிக் கொண்டுவரும் காசில் வீடு ஓடுகிற குடும்பங்களில் இந்த ஒரு ஏற்பாடே பாதி வேலை.

4. முந்தின நாள் "கடைசியா ஒரு பார்ட்டி" வேண்டவே வேண்டாம். அதிகமாகக் குடித்த மறுநாள் தொடங்கும் விலகல் அதிகக் கடுமையாக இருக்கும். குறித்த நாளே பாழாகும்.

இடைப்பட்ட நாட்களில் எழுத வேண்டிய சில வரிகள் உண்டு. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களில் தெளிவாக்கிய முறை இது: "குடிக்க மாட்டேன்" என்று பொதுவாக முடிவெடுப்பதைவிட, "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று இடம், நேரத்தோடு முடிவெடுத்தவர்கள் கூடுதலாக நிறைவேற்றுகிறார்கள். "அம்பாசமுத்திரம் பஸ்ஸைவிட்டு இறங்கினதும் கடைப் பக்கம் போகாம ஆஸ்பத்திரி ரோடு வழியா வீட்டுக்குப் போவேன்." "கொடையில யாராவது கட்டிங் நீட்டினா, மாத்திரை சாப்பிடுதேன் அண்ணாச்சின்னு சொல்லிட்டுப் பந்தியில போய் உட்காருவேன்." இப்படி ஐந்தாறு வரி போதும். ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு பேரிடம் நாளைச் சொல்லிவிட வேண்டும். ஒருவர் குடிக்காதவர், இரவிலும் போனை எடுப்பவர். மற்றவர் கூடக் குடிக்கிற கூட்டாளி. இரண்டாமவரிடம் சொல்லத்தான் தயக்கம் வரும். அவரிடம் சொல்லாத நாள் உறுதியான நாள் ஆகாது.

தெரியாமல் கொடுக்கிற மருந்து

சுவரிலும் பஸ்ஸிலும் பார்க்கிற விளம்பரம்தான்: சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், அவருக்கே தெரியாமல் குடி மறந்துவிடும். இப்படிக் கலக்கப்படும் மருந்துகளில் டைசல்ஃபிரமும் ஒன்று. மது உடம்பில் உடையும்போது அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உண்டாகும். அது மேலும் உடைந்து வெளியேறுவதை இந்த மாத்திரை தடுக்கிறது. மேலே குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழும். இதய நோய் உள்ளவர் செத்தே போகலாம். மருத்துவர்கள் கொடுக்கும்போது நோயாளிக்கு விளக்கி, சம்மதம் வாங்கி, கடைசிக் குடி முடிந்து குறைந்தது 12 மணி நேரம் கழித்துத்தான் தொடங்குவார்கள். மாத்திரையை நிறுத்திய பின்னும் இரண்டு வாரம்வரை அதன் வேலை உடம்பில் இருக்கும். தெரியாமல் சாப்பிட்டவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் நாளும் குறிக்கவில்லை, சம்மதமும் சொல்லவில்லை. கலந்த மனைவியின் தவிப்பு புரிகிறது. ஆனாலும் இது அவர் உயிரோடும் அவள் மேல் அவருக்கு இருக்கிற நம்பிக்கையோடும் விளையாடுவது.

வேறு மருந்துகள் இருக்கின்றன. குடிக்கும் ஆசையைக் குறைப்பது நால்ட்ரெக்சோன். நாள் குறிக்க இன்னும் மனம் வராதவருக்கும் இதைத் தொடங்க முடியும், குடிக்கிற அளவு குறையும். நிறுத்திய பின் நிலைக்க உதவுவது அகாம்ப்ரோசேட். ஈரலையும் சிறுநீரகத்தையும் பார்த்து எது என்று மருத்துவர் சொல்வார்.

குறித்த நாளுக்குப் பிறகு

முதல் இரண்டு மூன்று வாரம் தூக்கம் சரியாக வராது. இது எதிர்பார்க்க வேண்டியது. குடியை விட்டதால் உடம்பு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஆசை அலையாக வரும், பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தணியும். பசியிலும் கோபத்திலும் தனிமையிலும் அது கூடும், ஆகவே ஆறு மணிக்கு முன்பே வயிறு நிறையச் சாப்பிடுவது உண்மையிலேயே உதவும். கொழுப்புப் படிந்த ஈரல் சில வாரங்களிலேயே சீராகத் தொடங்கும்.

சறுக்குவது பல பேருக்கு நடக்கிறது. ஒரு நாள் ஒரு கட்டிங் போட்டதும், "போச்சு, விரதம் கெட்டுப் போச்சு, இனி என்ன" என்று முழு பாட்டிலுக்குப் போவதுதான் உண்மையான சேதம். விரத மனம் இதில் நமக்கு எதிராக வேலை செய்கிறது; விரதத்தில் ஒரு துளி பட்டாலும் மொத்தமும் தீட்டு. சிகிச்சையில் அப்படி இல்லை. முப்பது நாள் குடிக்காமல் இருந்த ஈரல் அந்த முப்பது நாளையும் வைத்திருக்கிறது. சறுக்கியது ஒரே நாள் என்றால் மறுநாளே நிறுத்தி மருத்துவருக்குச் சொல்லலாம். தொடர்ந்து சில நாள் குடித்து, காலை நடுக்கம் திரும்பிவிட்டது என்றால் தானாக நிறுத்தாமல் மறுபடியும் அதே மனநலப் பிரிவுக்குப் போய், அந்த வாரத்துக்குள் அடுத்த நாளைக் குறித்துக்கொண்டு வர வேண்டும்.